நிரப்பி வைத்த வரி

அத்தியாயம் 19

"அந்தப் பாட்டுல வர்ற டைலர் கடை எந்தக் கடை, கிருத்தி?"

அக்காவின் கணவர் பாலகுமார் போனில் இப்படிக் கேட்டதும் கிருத்திகாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நினைவிருக்கும். "சும்மா பாட்டுக்காக எழுதினது மாமா" என்று சமாளித்தாள். "ஓ" என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். பாலகுமார் கேள்வி கேட்கிற ரகமே இல்லை. சாம்பாரில் உப்பு இல்லையென்றால்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் வேலை மெனக்கெட்டுப் போன் போட்டு ஒரு தையற்கடையைப் பற்றி விசாரித்தால், அதற்குப் பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் பெங்களூர் கோரமங்களாவில் கிருத்திகாவின் கச்சேரி. அவள் பெயருக்காகவே ஜனங்கள் டிக்கெட் வாங்கி வருகிற முதல் மேடை.

இந்த இடத்துக்கு அவள் நேர்வழியில் வந்து சேரவில்லை. சின்ன வயதில் பாட்டு டீச்சரிடம் வர்ணம் வரை கற்றுக்கொண்டாள். பள்ளித் தோழி குளோரியாவோடு மர்பி டவுன் சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் கேக் ஆசையில் போனவள், அங்கே கொயரில் ஒரு பெண்மணி அடிவயிற்றிலிருந்து குரலை அள்ளிக் கொட்டிப் பாடியதைக் கேட்டுக் கேக்கை மறந்து நின்றாள். பிறகு கணபதி பந்தல்களில் ஆர்கெஸ்ட்ராவோடு கன்னடப் பாட்டு. இந்திரா நகர் பப்புகளில் ஆங்கிலப் பாட்டு. நடுவில் ஓர் ஊதுபத்தி விளம்பரம். எல்லாம் ஒரே தொண்டைக்குள் போய் என்னவோ ஆகி, வேறொன்றாக வெளியே வந்தது. "நீ பாடுறது கர்நாடிக்கா வெஸ்டர்னா, ஒண்ணு சொல்லித் தொலை, கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்று அம்மா உஷா அலுத்துக்கொள்வாள்.

பதில் சொல்லும் வேலையை இந்த வருஷம் 'வாசல்' என்ற பாட்டு ஏற்றுக்கொண்டது. குளோரியாவின் அண்ணன் லாயிட் தன் வீட்டு மாடி ஸ்டுடியோவில் பதிவு செய்த பாட்டு. அதன் முதல் வரி பெங்களூரில் மட்டுமல்ல, சென்னையிலும் கோவையிலும் சின்னப் பசங்கள் வாயில் புரண்டது.

*வாசல் நிறையச் செருப்பு, என் காலுக்கு எடமில்ல.*

கூட்டத்தில் தனியாக நிற்கிறவரின் வலி என்று விமர்சகர்கள் எழுதினார்கள். கல்யாண மண்டபத்துச் செருப்புக் குவியலை வீடியோ எடுத்து, இந்த வரியைப் பின்னால் ஓடவிட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் போட்டார்கள். அது தன் அக்கா தர்ஷினியின் வாயிலிருந்து விழுந்த வாசகம் என்று கிருத்திகா யாரிடமும் சொல்லவில்லை.

*

காலையில் உஷா பூரிக்கு மாவு பிசைந்துகொண்டே அந்த வரியைத்தான் முணுமுணுத்தாள். வீட்டுக்காரர் சுந்தரம் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்ததால் அவளுக்குக் கொஞ்சம் சுதந்திரம். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாளிடம் ஜன்னல் வழியாக, "சாயங்கால நம்ம மகளது புரோக்ராம், பன்னி" (வாங்க) என்று கன்னடத்தில் ஏற்கெனவே அழைப்பு போயாகிவிட்டது.

கிருத்திகா வெந்நீர் ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். துண்டுக்குள் இருந்தபோதே வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தர்ஷினி வந்திருந்தாள்.

"என்னடி, நேரா அங்க வரதா சொன்னே?" என்றாள் உஷா.

"அவரு ஆபீஸ் பசங்களையெல்லாம் பிக்கப் பண்ணிக்கிட்டு கார்ல வரேன்னாரு. நான் முன்னாடியே வந்துட்டேன்மா." தர்ஷினி தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பூரிக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மூன்று பேரும் அந்தச் சின்ன சமையலறையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். எண்ணெய் காயக் காத்திருந்த உஷா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அந்தச் செருப்பு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்டி. ஆனா ஒண்ணு மட்டும் புரியல. அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் வந்துட்டு ஏன் திரும்பிப் போவுது? செருப்புதானே? கால்ல ஒதுக்கித் தள்ளிட்டு உள்ள வர வேண்டியதுதானே?"

தர்ஷினியின் கையில் உருண்டுகொண்டிருந்த கட்டை நின்றது. கிருத்திகா அடுப்பைப் பார்த்தாள்.

"பாட்டுன்னா அப்படித்தாம்மா" என்றாள் தர்ஷினி. "உள்ள வந்துட்டா அப்புறம் பாட்டு ஏது?"

"அதுவும் சரிதான்" என்று உஷா முதல் பூரியை எண்ணெயில் போட்டாள்.

*

மொட்டை மாடியில் ஈரத்துணிகளுக்கு நடுவே அக்காவும் தங்கையும் நின்றார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மழை நாள். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் தர்ஷினிக்குக் கரு கலைந்திருந்தது. பாலகுமார் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தார், மாத்திரை வாங்கி வைத்தார், மறுநாள் ஆபீஸ் போனார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. சந்தாபுரா அடுக்குமாடி வீட்டில் அந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்த முடியாமல், ஒரு நாள் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு ஆஸ்டின் டவுன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வந்தவள் வாசலில் நின்றாள். வாசல் நிறையப் பழக்கமில்லாத செருப்புகள். உள்ளே கிருத்திகாவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்திருந்தார்கள். மூத்தவள் பையோடு பிறந்த வீட்டுக்கு வந்து நின்றால், இளையவளுக்கு அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்துவிடும். தர்ஷினி மணியடிக்காமல் திரும்பி நடந்தாள். சந்தாபுரா போய், டைலர் கடைக்குப் போயிருந்ததாகப் பாலகுமாரிடம் சொன்னாள். பெண் பப்பில் பாடக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதில் அந்தச் சம்பந்தம் எப்படியும் முறிந்தது என்பது வேறு விஷயம். மாப்பிள்ளை போனார், கேசரியும் போனது, தர்ஷினி மட்டும் சந்தாபுராவிலேயே இருந்தாள்.

போன அவரைக்காய் சீசனில், பிதுக்குப் பருப்புக்காக ஊறவைத்த கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டே இதைத் தங்கையிடம் சொன்னாள். வேறு யாருக்கும் தெரியாது.

கிருத்திகாவுக்கு எப்போதும் மெட்டுதான் முதலில் வரும். வார்த்தை பிறகு. அதுவரை 'தானனா'வுக்குப் பதிலாக, காதில் விழுந்த எதையாவது இட்டு நிரப்பிப் பாடி வைப்பாள். டம்மி வரி என்பார்கள். காய்கறிக்காரர் கூவியது, அம்மா திட்டியது, பஸ் கண்டக்டர் சொன்னது எல்லாம் அப்படி அவள் மெட்டுகளில் தற்காலிகமாகக் குடியிருந்து காலி செய்திருக்கின்றன. அன்றைக்கு மெட்டு வந்தது. பக்கத்தில் அக்காவின் வார்த்தைகள் கிடந்தன. எடுத்து வைத்தாள். செருப்பு மட்டுமல்ல, இரண்டாவது சரணத்தில் இதையும் வைத்தாள்:

*டைலர் கடை பூட்டியிருந்துச்சுன்னு சொன்னேன்*
*நனைஞ்ச பைய கட்டிலுக்கடியில தள்ளினேன்.*

"அவருக்கு ரொம்ப நாளா முதல் வரி மட்டும்தான் தெரியும்" என்றாள் தர்ஷினி. "வீடியோல அதானே வருது. ரிங்டோனா வச்சிருந்தாரு. ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டு, என் மச்சினிச்சி பாட்டுன்னு போட்டுக் காட்டினாரு. போன வாரம் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டப்ப முழுப் பாட்டும் ஓடியிருக்கு. அன்னிலேருந்து ரிங்டோன் மாறிடுச்சு."

"உன்கிட்ட ஏதாவது கேட்டாராக்கா?"

"கேட்டா அவரு பாலகுமார் இல்ல." தர்ஷினி கொடியில் கிடந்த புடவையின் மடிப்பை இழுத்துவிட்டாள். "அவர விடு. நான் பாட்டு வந்த அன்னிக்கே முழுசாக் கேட்டேன், கிருத்தி. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எத்தனை மாசம் ஆச்சு?"

கிருத்திகாவுக்குத் தலை நிமிரவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இவள் கேட்கவல்லவா செய்கிறாள்.

"அக்கா, அது டம்மிக்கா. மாத்திதான் பாடினேன். லாயிட்தான் ஃபைலை மாத்திப் போட்டு ரிலீஸ் பண்ணிட்டான். நான் பாக்கறதுக்குள்ள எல்லா இடத்துலயும் போயிடுச்சு."

சொல்லும்போதே பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. பழகின பொய் இல்லை. ஆனால் நன்றாக வந்தது, அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

தர்ஷினி நம்பினாள். "சரி விடு. தெரியாம நடந்தது. எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. இன்னிக்கு அவரு பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். சுத்தி அவரு ஆபீஸ் ஆளுங்க. அந்த ரெண்டாவது சரணத்த மட்டும் பாடாத. நான் எப்ப சொல்லணுமோ அப்ப என் வாயால சொல்லிக்கிறேன்."

"சத்தியமாப் பாட மாட்டேன்கா."

இதை மட்டும் அவள் உண்மையாகவே சொன்னாள்.

*

அரங்கில் ஒலிச் சோதனை முடிந்து லாயிட் வியர்த்து விறுவிறுக்க மேக்கப் அறைக்கு வந்தான். சரணத்தை மாற்றும் செய்தி அவனுக்கு உவப்பாக இல்லை.

"என்ன கிருத்தி நீ, லாஸ்ட் மினிட்ல தலையில குண்டு போடுறே? அந்த வரிக்குத்தான் லைட் எல்லாம் ஆஃப் ஆவணும்னு செட் பண்ணி வச்சிருக்கு. அதுக்குத்தான் ஜனங்க வராங்க."

"மாத்தி எழுதினேனே, அந்த பஸ் ஸ்டாப் வரி. அதையே பாடிடறேன்."

"எது, 'பஸ்ஸும் போயிடுச்சு, மழையும் விட்டுடுச்சு'வா? அது சரியான உப்புமா வரின்னு சொன்னதே நீதானே? ரெண்டையும் உனக்கு அனுப்பினேன். ஏம்மா, யாரையாவது நோகடிக்குமா, மாத்தினதையே போடலாமான்னு கேட்டேன். நீ என்ன சொன்னே? 'பழசே இருக்கட்டும் லாயிட், அதுலதான் உயிர் இருக்கு'ன்னே. இப்ப வந்து..."

அவன் பேச்சை நிறுத்தினான். கிருத்திகா திரும்பினாள்.

வாசற்படியில் தர்ஷினி நின்றிருந்தாள். கையில் வெந்நீர் ஃப்ளாஸ்க்.

எவ்வளவு கேட்டாள் என்று கேட்க வேண்டியதில்லை. முகமே சொன்னது. அவள் உள்ளே வந்து ஃப்ளாஸ்க்கைக் கண்ணாடி மேஜையில் வைத்தாள். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை திருகிப் பார்த்தாள்.

"அம்மா குடுத்து அனுப்பினாங்க. தொண்டைக்கு" என்றாள். "மறந்துட்டு வந்துட்டியாம்."

"அக்கா..."

"நல்லாப் பாடு."

அவள் போன பிறகு கிருத்திகா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. பாட்டைத் திருடினால் கேஸ் போடுவார்கள். அக்காவின் மழை நாளை எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது? இன்னும் கேவலமான உண்மை ஒன்று உள்ளே இருந்தது. அந்த இரண்டு ஃபைல்களையும் கேட்ட அன்றைக்கு அவளுக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. வந்தும்தான் பழசைத் தேர்ந்தெடுத்தாள். இத்தனை வருஷம் யார் யாருக்கோ பின்பாட்டுப் பாடி நின்ற தொண்டை, முதல் தடவையாகத் தனக்கென்று கிடைத்ததை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

*

அரங்கு நிறைந்துவிட்டது. மேடையிலிருந்து பார்க்கும்போது முன்வரிசையில் உஷாவின் பட்டுப்புடவை பளபளத்தது. பாட்டுக்கெல்லாம் பட்டா என்று கேட்டதற்கு, "என் பொண்ணு கச்சேரிக்கு நான் வேற எதைக் கட்டுவேன்" என்று கேட்டவள் அவள். பக்கத்தில் தர்ஷினி. அதற்கடுத்து, இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாகப் பாலகுமார்.

கிருத்திகா பாடினாள். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, மனசு நொறுங்கிக் கிடக்கிற நாளில் அவள் குரல் இன்னும் நன்றாக இருக்கும். சர்ச்சும் பந்தலும் பாட்டு வகுப்பும் சேர்ந்து அந்தத் தொண்டையில் அன்றைக்குக் கைகோத்துக்கொண்டன. இரண்டு பாட்டுக்குள் கூட்டம் அவள் பக்கம் வந்துவிட்டது.

கடைசிப் பாட்டு, 'வாசல்'. முதல் வரியைக் கேட்டதும் கைதட்டல். உஷா பெருமையோடு இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டாவது சரணம் வந்தது. லாயிட் விளக்குகளை அணைக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவன் நல்லவன். கிருத்திகா கண்ணை மூடிக்கொண்டு உப்புமா வரியை எடுத்தாள்.

"பஸ்ஸும் போயிடுச்சு..."

அதற்குமேல் அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அரங்கு மொத்தமும் பாடியது. அவள் பாடியதை அல்ல. தங்களுக்குத் தெரிந்ததை. பின்வரிசைப் பையன்கள், அம்மாக்கள், கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்த பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து, மெட்டு பிசகாமல், ஒரே குரலில் பாடினார்கள்.

*டைலர் கடை பூட்டியிருந்துச்சுன்னு சொன்னேன்*
*நனைஞ்ச பைய கட்டிலுக்கடியில தள்ளினேன்.*

பாடகி வரியை மறந்துவிட்டாள், நாம் எடுத்துக் கொடுப்போம் என்ற அன்பில் இன்னும் உரக்கப் பாடினார்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மைக் கையில் இருந்தும் குரல் அவளிடம் இல்லை. பாலகுமாரின் ஆபீஸ் பசங்கள்கூடக் கையை ஆட்டி ஆட்டிப் பாடினார்கள். அந்த அரங்கத்தில் பாடாமல் உட்கார்ந்திருந்தது இரண்டு பேர்தான். இருவரும் நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பாமல்.

*

வெளியே இன்னும் முழுசாக இருட்டவில்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடமிருந்து பிய்த்துக்கொண்டு கிருத்திகா பின்பக்கக் கார் நிறுத்தத்துக்கு ஓடினாள். பாலகுமார் காரின் அருகே தனியாக நின்றிருந்தார். உஷாவிடம் அரங்க வாசலில் யார் யாரோ வந்து கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருந்துச்சு கிருத்தி" என்றார் அவர். சொல்லிவிட்டுக் காரின் கண்ணாடியில் விழுந்த தூறலைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கவா?"

"மாமா, தப்பு என் மேல. அக்காவுக்கு இதுல..."

"அது இல்ல. அன்னிக்கு அந்த வாசல்ல செருப்பு எதுவும் இல்லன்னு வையி." அவருக்கு வார்த்தை தடுக்கியது. "அப்ப உள்ள போயிருப்பாளா?"

மெட்டு கிடைத்தால் எதையாவது இட்டு நிரப்புகிறவள், இந்த இடத்தில் வெறுமனே நின்றாள்.

"போயிருப்பேன்."

குரல் பின்னாலிருந்து வந்தது. தர்ஷினி மழையில் நின்றுகொண்டிருந்தாள். தங்கை பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

பாலகுமார் தலையை ஆட்டினார், எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல.

"அன்னிக்குத் தொப்பலா நனைஞ்சு வந்தே. நான்தான் துண்டு எடுத்துக் குடுத்தேன்" என்றார். "பைய பாத்தேன், தர்ஷினி. கட்டிலுக்கடியில தள்ளினதையும் பாத்தேன். கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டா நீ சொல்லிடுவியோன்னு கேக்கல."

இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருந்த ஒன்று, ஒளிந்தே இருக்கவில்லை என்று தர்ஷினிக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் பசங்களோட கேப்ல போய்க்கிறேன். வண்டிய நீ எடுத்துக்க. எங்க போகணுமோ போ." அவர் இரண்டு அடி நடந்து நின்றார். "இந்த வாட்டி டைலர் கடைன்னு மட்டும் சொல்லாத."

அவர் போய்விட்டார். கிருத்திகா அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். தர்ஷினி விலகிக்கொண்டாள், முரட்டுத்தனமாக அல்ல, பஸ்ஸில் பழக்கமில்லாத ஆளுக்கு வழி விடுவதுபோல. அதுதான் கிருத்திகாவுக்கு அடியாக விழுந்தது. தர்ஷினி கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, அவர் உயரத்துக்கு இருந்த சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினாள்.

அரங்கத்து கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் சில்க் போர்டு, ஓசூர் ரோடு, சந்தாபுரா. வலது பக்கம் திரும்பினால் ஆடுகோடி வழியாக ஆஸ்டின் டவுன். அம்மா வீட்டு வாசலில் இன்றைக்கு ஒரு செருப்பும் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி கிருத்திகாவின் கைப்பையில்.

கிருத்திகா அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினாள். கேட்டருகே கார் நின்றிருந்தது. பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. தர்ஷினி இன்னும் எந்தப் பக்கமும் இண்டிகேட்டர் போடவில்லை.